அரைப்புள்ளியார் படிக்காத கடிதம்

அலுவலகத்தில் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை வாய் ஓயாமல் பேசிக்கொள்கிற கணவனும் மனைவியும், வீட்டுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிட முடியுமா? முடியும். ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் கூப்பிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் தனித்தனியாகப் பேசிவிட்டு, கருவியை ஒருவர் கையில் ஒருவர் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அவன் பாவம், இரண்டு தடவையும் அதே தலைவலிக் கதையைச் சொன்னான்.

இருவருக்கும் வேலை, பாடநூல் அச்சிடும் ஒரு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில். மெய்ப்பு அறை என்று பெயர். அகலம் எட்டடி, நீளம் பத்தடி, ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்களைப் பார்த்துத் திறக்கும். ஒரு மேஜையின் இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவர். மனைவி கையில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த மூலப்பிரதி இருக்கும். அதை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படிப்பார். கணவர் அச்சுக்குப் போகும் பக்கத்தில் அதே வரியைச் சிவப்புப் பேனாவால் தொடர்ந்தபடி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சரி’ என்பார். எழுத்தை மட்டும் அல்ல, புள்ளியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். காற்புள்ளி என்றால் ‘கால்’, அரைப்புள்ளி என்றால் ‘அரை’, முக்காற்புள்ளி என்றால் ‘முக்கால்’, முற்றுப்புள்ளி என்றால் ‘முற்று’. “தவளை நீரிலும் வாழும் அரை நிலத்திலும் வாழும் முற்று.” “சரி.” இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள். புதிதாக வருகிறவர்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்டால், யாரோ கிழங்கு எடை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அலுவலகத்தில் அந்த அம்மாவுக்கு வாசிப்பம்மா என்று பெயர். கணவருக்கு அரைப்புள்ளியார். இந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை. அவரே பாடுபட்டுச் சம்பாதித்தது. எந்தப் பக்கம் கையில் வந்தாலும் ஒரு அரைப்புள்ளிக்காவது இடம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அதற்கென்று ஒரு தத்துவமும் வைத்திருந்தார். தேநீர் கொண்டுவருகிறவரில் தொடங்கி, மின்விசிறி பழுதுபார்க்க ஏணியோடு வந்தவர்வரை அதைக் கேட்காதவர் இல்லை.

“இங்க பாருங்க. அரைப்புள்ளிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வாக்கியம் தன் கால்ல நிக்கணும். ‘மழை பெய்ததால்’னு எழுதிட்டு அரைப்புள்ளி வெச்சா தப்பு. ஏன்? அது நொண்டி. இன்னொருத்தர் தோளைப் பிடிச்சாத்தான் நடக்கும். ‘மழை பெய்தது; பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.’ இப்பப் பாருங்க. ரெண்டும் முழுசு. ஒண்ணு இல்லாட்டியும் இன்னொண்ணு நிக்கும். ஆனாலும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஆகவே, ஆதலால்னு கயிறு போட்டுக் கட்ட வேண்டிய அவசியமே இல்ல. அதுதாங்க மரியாதை!”

ஏணியில் நின்றவர், “அப்ப விசிறிய மாட்டிடலாமா சார்?” என்று கேட்டாராம்.

இவ்வளவு பேசுகிற மனிதர் தன் வீட்டு விஷயத்தில் எங்கே கோட்டைவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசிப்பம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

“என்னங்க, இதக் கொஞ்சம் பாருங்க. நாளைக்கு மேலாளர்கிட்ட கொடுக்கணும்.”

அரைப்புள்ளியார் உடனே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அது பையில்தான் இருக்கும். பத்து வரிக் கடிதம். “இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் உரக்க வாசிக்கும் வேலையைச் செய்துவருகிறேன், இனித் தனியாகப் பணியாற்ற விரும்புகிறேன்” என்று ஒரு வரி. நடுவில் இருந்த காற்புள்ளியைப் பார்த்ததும் அவருக்குப் பல் கூசியது. இரண்டும் முழு வாக்கியங்கள். காற்புள்ளி எப்படித் தாங்கும்? அதை அழித்து அரைப்புள்ளி போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ரசித்தார். தன் வாழ்க்கையில் போட்ட அரைப்புள்ளிகளிலேயே இதுதான் இடமறிந்து உட்கார்ந்தது என்றுகூட அவருக்குத் தோன்றியது. இன்னும் ஐந்து இடத்தில் திருத்தினார். அடியில், ‘பார்த்தேன், சரி’ என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

“முழுசாப் படிச்சீங்களா?” என்று கேட்டார் வாசிப்பம்மா.

“ரெண்டு தடவ.”

அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை படித்தார்தான். ஆனால் மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்தைப் பார்ப்பார்கள், புள்ளியைப் பார்ப்பார்கள், இரண்டு சொல்லுக்கு நடுவே இடம் கூடினாலும் பார்ப்பார்கள். என்ன சொல்லியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கமாட்டார்கள். பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும் என்று பயந்து பயந்து பழகி, கடைசியில் பொருளே கண்ணில் படாமல் போய்விடும். வீடு தீப்பிடித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் ஒற்று மிகுமா என்று யோசிப்பார்கள்.

கடந்த திங்கட்கிழமை மேலாளர் மாடிப்படியில் அவரை நிறுத்திக் கையைக் குலுக்கினார்.

“உங்கள மாதிரி பெருந்தன்மை யாருக்கு வரும் சார்! மேடம் கிளை அலுவலகத்துக்குப் போறாங்க, நீங்களே கடிதத்தத் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை இல்ல, அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை உத்தரவு போட்டுடறேன். அதுவரைக்கும் அவங்க மனசு மாறினா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

கிளை அலுவலகம் ரயிலில் ஆறு மணி நேரம். அரைப்புள்ளியார் மேலாளர் பின்னாலேயே அவர் அறைக்குப் போனார். கடிதம் இருந்த கோப்பை வாங்கிப் பார்த்தார். தன் திருத்தம் ஆறும் இருந்தன, கையெழுத்தும் இருந்தது. “கிளை அலுவலகத்தில் காலியாக உள்ள மெய்ப்புப் பிரிவின் பொறுப்பை எனக்கு வழங்க வேண்டுகிறேன்” என்ற வரியில் ‘வழங்க’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த கூடுதல் இடத்தை அவரே கோடு போட்டுச் சேர்த்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

அன்றைக்கு மாலை வீட்டில் அவர் போட்ட கூச்சலைக் கேட்டு மேல்மாடிக்காரர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். வாசிப்பம்மா கூச்சல் போடவில்லை.

“நீங்கதான் பாத்துக் கொடுத்தீங்க.”

“நான் எங்கடி பாத்தேன்!”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அரைப்புள்ளியார் தண்ணீர் குடித்தார். வாசிப்பம்மா தொடர்ந்தார்.

“எனக்குப் படிச்சுப் படிச்சு வாய் வலிக்குதுங்க. இருபத்திரண்டு வருஷமா ஊரார் எழுதின வாக்கியத்தையே கத்திக்கிட்டிருக்கேன். மனசுக்குள்ள படிக்கணும்னு ஆசையா இருக்கு. எட்டு வருஷம் முன்னாடி, ஒரு நாளாவது நீங்க படிங்க, நான் பேனா பிடிக்கிறேன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க? உன் குரல் நல்லா இருக்குன்னீங்க.”

“நல்லாத்தானே இருக்கு!”

“அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? ரெண்டு வாக்கியமும் தன் கால்ல நிக்கணும்னு ஏணிக்காரன்கிட்டகூட சொல்றீங்க. நான் என் கால்ல நின்னா மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறீங்க? கடிதத்த நீங்க படிச்சுட்டு, ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். நீங்க அரைப்புள்ளி போட்டீங்க.”

அத்தோடு பேச்சு நின்றது. போகாதே என்று சொன்னால் நிற்கக்கூடும் என்பது அரைப்புள்ளியாருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. செய்த தப்பை ஒப்புக்கொள்கிற பழக்கம் இருந்தால்தானே? ஊரார் தப்பைத் திருத்தியே தலை நரைத்தவர் அவர். அவளே இறங்கி வரட்டும் என்று வீம்பாக இருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான், இந்தத் திங்கட்கிழமை, மேஜைமேல் ஒரு பயிற்சிநூல் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். முதல் பாடத்தின் தலைப்பு: ‘அரைப்புள்ளியைச் சரியாகப் பயன்படுத்துவோம்’. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் குறும்புப் புத்தி நிறையவே இருக்கிறது.

வாசிப்பம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தக் குரலில் தவளையைப் படித்தாரோ அதே குரலில் தொடங்கினார்.

“அரைப்புள்ளியின் இரு பக்கமும் உள்ள வாக்கியங்கள் தனித்தனியே முழுமையானவையாக இருக்க வேண்டும் முற்று.”

“சரி.”

“ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நின்றால் அங்கே அரைப்புள்ளி இடக்கூடாது முற்று.”

“ச... சரி.”

“எடுத்துக்காட்டு முக்கால் கதவு திறந்திருந்தது அரை வீட்டில் யாரும் இல்லை முற்று.”

அரைப்புள்ளியாரின் பேனா நின்றது. கதவு திறந்திருந்தது; வீட்டில் யாரும் இல்லை. அவர் கண்முன் தன் வீட்டுக் கதவு வந்தது. திறந்து உள்ளே போனால் கூடத்தில் விளக்கு இல்லை, சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை. இருபத்திரண்டு ஆண்டில் முதல் முறையாக ஒரு வாக்கியம் அவருக்குள் போனது. போய்த் தைத்தது.

“சரியா இல்லையா?” என்று கேட்டார் வாசிப்பம்மா. அலுவலகக் கேள்விதான்.

“இன்னொரு தடவ படி.”

படித்தார். அரைப்புள்ளியார் காதைக் கொடுத்துக் கேட்டார். அன்று மாலைவரை அப்படித்தான் கேட்டார். பயிற்சியில் வந்த பெண் செடி வைத்தாள். கடிதம் வரவில்லை என்று ஒருவன் தெருவைப் பார்த்தான். ஒரு பேருந்து யாரையோ விட்டுவிட்டுப் போனது. அவர் எல்லாவற்றுக்கும் வருத்தப்பட்டார். விளைவு, மாலையில் வாசிப்பம்மா பக்கத்தை வாங்கிப் புரட்டியபோது, ஏழு பிழை பிடிபடாமல் அப்படியே இருந்தது. அந்த அம்மா தானே பேனாவை எடுத்து ஏழையும் திருத்தினார். அவர் கை பேனாவைப் பிடித்ததை அரைப்புள்ளியார் அன்றுதான் கவனித்தார். வேகமும் இருந்தது, நடுக்கமும் இல்லை.

புதன்கிழமை அவர் தொண்டையைச் செருமினார்.

“இன்னிக்கு நான் படிக்கிறேன். நீ பேனா பிடி.”

வாசிப்பம்மா நாற்காலியை மாற்றிக்கொண்டார். அரைப்புள்ளியார் மூலப்பிரதியைத் தூக்கிப் பிடித்து, அரசவைப் புலவர் மாதிரி ஆரம்பித்தார். நாலு வரி போகவில்லை, மூச்சு வாங்கியது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வாக்கியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

“என்னங்க, அங்க ‘அரை’ சொல்லலையே?”

“எங்க?”

“மூணு இடத்துல. முழுங்கிட்டீங்க.”

அரைப்புள்ளியாரே அரைப்புள்ளியை விழுங்கிவிட்டார் என்ற செய்தி அன்று தேநீரோடு சேர்ந்து நான்கு மாடியும் போனது. ஆனால் அந்த நேரத்தில் அறையில் நடந்தது வேறு. வாசிப்பம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அரைப்புள்ளியாருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் தொண்டை காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனைவி தன் தண்ணீர்க் குப்பியை நகர்த்தி வைத்தார். அதை அண்ணாந்து குடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் குப்பி மேஜையில் இருபத்திரண்டு ஆண்டாக இருக்கிறது. வரிக்கு வரி ஒரு மிடறு குடிப்பார் அந்த அம்மா. தாகம் கொஞ்சம் அதிகமுள்ள பெண்பிள்ளை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“பழகினா வந்துடும்ல?” என்று கேட்டார்.

“வரும். அடுத்த வாரத்துலேருந்து பழகிக்கோங்க,” என்றார் வாசிப்பம்மா. சிரிப்பு நின்றிருந்தது.

வியாழக்கிழமை மனைவி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று அரைப்புள்ளியார் எதிர்பார்த்தார், வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பயிற்சிநூல் முடிந்து அச்சுக்குப் போனது. மதியம் மேலாளர் அறையிலிருந்து ஒரு உறை வந்தது.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகும் எந்தத் தாளும், வாசலில் ஒட்டும் விடுமுறை அறிவிப்பாக இருந்தாலும், மெய்ப்பு அறை வழியாகத்தான் போக வேண்டும். பாடநூல் போடுகிற இடத்தில் பிழையோடு கடிதம் போகலாமா? ஆகவே வாசிப்பம்மாவின் இடமாற்ற உத்தரவும் வாசிப்பம்மாவின் மேஜைக்கே வந்தது. மேலாளர் கையால் எழுதிய வரைவு ஒன்று, தட்டச்சு செய்த நகல் ஒன்று. வரைவு மனைவிக்கு, நகல் கணவருக்கு. கழுத்தையும் கொடுத்து, கத்திக்குச் சாணையும் பிடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது அரைப்புள்ளியாருக்கு.

“படிக்கட்டுமா?”

“படி.”

“கீழ்க்காணும் பணியாளர் கிளை அலுவலகத்தின் மெய்ப்புப் பிரிவுப் பொறுப்பாளராக மாற்றப்படுகிறார் முற்று.”

“சரி.”

“பணியாளர் எண் முக்கால் நான்கு பூஜ்யம் ஏழு ஒன்று முற்று.”

அரைப்புள்ளியாரின் பேனா அந்த எண்ணின்மேல் நின்றது. நகலில் நான்கு பூஜ்யம் ஒன்று ஏழு என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் கடைசி இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டார்.

அது சின்ன விஷயம் இல்லை என்பது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். தலைமை அலுவலகத்தில் எண் பொருந்தாத உத்தரவை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன வருடம் கீழ்மாடி எழுத்தர் ஒருவருக்கு ஒரே ஒரு எண் தப்பியது. உத்தரவு திரும்பி வந்து, மறுபடி போவதற்குள் இடமாற்றப் பட்டியலை மூடிவிட்டார்கள். அவருக்கு வர வேண்டிய இடத்தில் வேறொருவர் போய் உட்கார்ந்துவிட்டார். எழுத்தர் இன்றைக்கும் கீழ்மாடியில்தான் இருக்கிறார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அரைப்புள்ளியார் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு ‘சரி’. இரண்டே எழுத்து. ஆயுளில் எத்தனை லட்சம் தடவை சொன்ன சொல்! சொல்லிவிட்டால் வாசிப்பம்மா இங்கேயே இருப்பார். யார் மேலும் குற்றம் வராது. வந்தாலும் தட்டச்சுக்காரர் மேல் வரும். வயதாகிவிட்டது, கண் தப்பிவிட்டது என்று சொன்னால் நம்பாதவர் யார்? வீட்டுக்குப் போனால் விளக்கு எரியும், பாத்திரச் சத்தம் கேட்கும். எதிர்நாற்காலியில் அந்தக் குரல் படித்துக்கொண்டே இருக்கும். வரிக்கு வரி ஒரு மிடறு தண்ணீரோடு, ஓய்வு பெறும்வரை படித்துக்கொண்டே இருக்கும்.

“என்னங்க? சரியா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வரைவின்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். உதட்டின் ஓரம் வெடித்திருந்தது. எத்தனை நாளாக வெடித்திருந்ததோ, யார் கண்டார்?

“நம்பர் தப்பு,” என்றார் அரைப்புள்ளியார். “ஏழும் ஒண்ணும் மாறியிருக்கு.” சொல்லிவிட்டு, மனம் மாறிவிடுமோ என்று பயந்தவர்போல, சட்டென்று சிவப்பு மையால் சுழித்து ஓரத்தில் சரியான எண்ணை எழுதினார்.

வாசிப்பம்மா எழுந்து மேஜையைச் சுற்றி வந்து நகலைப் பார்த்தார். அவருக்குக் கீழ்மாடி எழுத்தர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“நீங்க விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரியும்.”

“பத்து நாளுக்கு மேல காத்திருந்தேன். போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே.”

“திங்கக்கிழமை வரைக்கும் வீம்பு,” என்றார் அவர். “புதன்கிழமைக்கு அப்புறம் பயம். நான் சொன்னா நீ நின்னுடுவியோன்னு.”

வாசிப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். மிச்சமிருந்த இரண்டு வரியையும் படித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அரைப்புள்ளியார் இரண்டுக்கும் ‘சரி’ சொன்னார். உத்தரவு உறைக்குள் போனது. வெளியே யாரோ மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

“ஞாயித்துக்கிழமை ரயிலேத்திவிட வருவீங்களா?”

“வர்றேன். அங்க வந்து போகாதேன்னு அழுதாலும் அழுவேன். நீ கண்டுக்காம ஏறிடு.”